தேரியில் முயல் தடம்

அது யுத்த காலம். கடலில் மீன்பாடு இல்லை. ரேஷன் கடையிலும் அரிசி இல்லை. பிள்ளைகளுக்கு முயல் கறியாவது கிடைக்கட்டுமென்று, பழைய மீன்வலையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் தேரிக்குக் கிளம்பினார். தனியாக விட மனசில்லாமல் நானும் போனேன்.

தேரியின் முதல் செம்மணல் மேட்டில் ஏறியதுமே முயலின் கால்தடம் தெரிந்தது. அதன் விளிம்பு கொஞ்சமும் உதிரவில்லை.

"ஏளா, இப்பத்தான் போயிருக்கு," என்றார்.

நானும் நம்பினேன். எங்கள் கடற்கரையில் பழைய தடம் என்று ஒன்று கிடையாது. அலை வந்து அழித்துவிடும். அதே நினைப்பில் வெயிலில் மேடு மேடாக ஏறி இறங்கினோம். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. கடைசியில் ஓர் உடைமரத்தடியில் முயல் புழுக்கை கிடந்தது. எடுத்து நசுக்கினேன். உமிபோலப் பொடிந்தது. என்றோ பெய்த தூறலில் மணல் இறுகி, தடத்தை அப்படியே வைத்திருந்திருக்கிறது.

"இது என்னைக்கோ போனது. உமக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தினேன். நீயும்தானே நம்பினாய் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை.

வந்த வழியே திரும்பினோம். எங்கள் காலடிகளையே பார்த்து நடந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். அவருடைய குதிகால் பதிந்த பள்ளத்துக்குள் முயலின் தடம். பக்கத்தில் புழுக்கை, ஈரம் காயாமல். நாங்கள் கடந்த பிறகு, எங்கள் முதுகுக்குப் பின்னால் அது குறுக்கே போயிருக்கிறது. தடம் பக்கத்துப் புதருக்குள்தான் நுழைந்திருந்தது.

அவர் தோளிலிருந்து வலையை இறக்கினார். அதை விரிக்க இரண்டு பேருக்கும் தெம்பில்லை.