கையை மாற்றச் சொல்லவில்லை

செண்பகம்மாள் தடியைத் தவறான கையில் பிடித்து நடந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் திருத்தவில்லை. என் மாணவர்களின் பரீட்சை முடியட்டும் என்று அவரை அப்படியே நொண்ட விட்டேன்.

போதுமா? இதைச் சொல்லத்தான் இத்தனை வருடமாக எனக்கு வாய் வரவில்லை...

நான் திருச்சியில் இயன்முறை மருத்துவம் கற்பிப்பவள். முதியோரை மறுபடி நடக்க வைப்பது என் துறை. புத்தூரில் இருக்கும் எங்கள் சிகிச்சைக்கூடத்துக்கு லால்குடியிலிருந்து ரயிலேறி விவசாயிகள் வருவார்கள். கைலாசபுரத்துத் தொழிற்சாலைக் குடும்பங்கள் வரும். என் மாணவர்கள் தயங்கித் தயங்கி அவர்களைத் தொடும்போது, "பரவால்ல, பயப்படாம புடி கண்ணு" என்று அவர்கள்தாம் தைரியம் சொல்வார்கள். வலிக்கிற உடம்பைப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று கொடுத்தவர்கள்! நான் சாப்பிடும் சோறு அவர்கள் போட்டது. மேடைக்காகச் சொல்லவில்லை. நன்றி எனக்கு நிஜமாகவே நெஞ்சு முட்ட இருக்கிறது. அதனால்தான் இந்தக் குற்றம் இன்னும் உறுத்துகிறது.

செண்பகம்மாளுக்கு வலது இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. வெல்டராக இருந்து ஓய்வுபெற்ற கணவர் மாணிக்கம் கைத்தாங்கலாக அழைத்துவருவார். வாக்கரை விட்டுத் தடிக்கு மாறிய அன்று, அந்த அம்மாள் தடியை வலக்கையில் பிடித்தார். பலரும் அப்படித்தான் பிடிப்பார்கள். அடிபட்ட பக்கமே முட்டுக்கொடுக்கத் தோன்றும். ஆனால் இடக்கையில் பிடித்தால்தான் வலது இடுப்பின் பாரம் குறையும். 'கையை மாத்துங்கம்மா' என்று சொன்னால் தீர்ந்தது!

"மேடம், தடி தப்பான கையில இருக்கே" என்று, படிப்பு முடித்துப் பயிற்சியில் இருந்த ஃபாத்திமா என் காதருகே சொன்னாள்.

"எனக்குக் கண்ணு இல்லையா? சும்மா இரு. அது பரீட்சைக்கு" என்று சீறினேன்.

ஆம், பரீட்சைக்கு! தை மாதம் வெளியூர்த் தேர்வாளர் வருவார். நோயாளியை நடக்கவிட்டு, பிழையைக் கண்டுபிடி என்பார். அதற்கு 'நல்ல கேஸ்' வேண்டுமே! நல்ல கேஸ் என்றால் எங்கள் பாஷையில், இன்னும் குணமாகாதவர்.

மார்கழி வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தம்பதி வருடம் தவறாமல் ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசலைச் சேர்ந்தே கடந்தவர்கள்.

"ஏகாதசிக் கூட்டம் வேணாங்க. அப்புறம் பத்து நாள் வாசல் தெறந்திருக்கிற ராப்பத்துல ஒரு நாளாவது போயிட்டு வரலாமா, டாக்டரம்மா? கொஞ்ச தூரம் நடந்தாலே இடுப்பு விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது" என்றார் செண்பகம்மாள்.

ஏன் தெறிக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

"அவசரப்படாதீங்க. தை பொறக்கட்டும், பாத்துக்கலாம்" என்றேன். குரலில்தான் எவ்வளவு அக்கறை! இப்போது நினைத்தால் கூசுகிறது.

மாணிக்கம்தான் மனைவியைத் தேற்றினார். "விடு, சொர்க்கவாசல் எங்கயும் ஓடிப்போயிடாது. அடுத்த வருஷம் சேந்தே போவோம்."

பரீட்சை அமர்க்களமாக நடந்தது. "அருமையான கேஸ் மேடம்!" என்று தேர்வாளர் பாராட்டினார். மறுநாளே தடியை மாற்றினேன். நாலடி வைத்ததும் செண்பகம்மாள் நின்றுவிட்டார்.

"அடடா, வலியே தெரியலையே! மகராசி, நீங்க நல்லா இருக்கணும்" என்று கண் கலங்க என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குள் ராப்பத்து முடிந்து வாசலும் அடைத்தாகிவிட்டது. அந்த ஆடியில் மாணிக்கம் மாரடைப்பில் போய்விட்டார்.

அதன்பின் நான் எவரையும் பரீட்சைக்காக நொண்ட விட்டதில்லை. அதனால் என்ன? செண்பகம்மாளுக்கு அந்த மார்கழி திரும்பி வருமா?

அவரோ என் வகுப்புக்குத் தாமாகவே வருவார். "எங்க டாக்டரம்மா சொல்லிக்குடுத்தது" என்று மாணவர்களுக்கு இடக்கையில் தடியூன்றி நடந்து காட்டுவார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன ராப்பத்தில் என்னையும் கோயிலுக்கு இழுத்துப்போனார். என் வலது முழங்காலும் தேய்ந்துவிட்டது. பிரகாரத்தில் நடக்க முடியாமல் நின்றேன்.

"இந்தாங்க, எனக்கு இது சும்மா துணைக்குத்தான்" என்று தம் தடியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். இப்போதாவது சொல்லிவிட வேண்டும்...

"செண்பகம்மா, அந்த வருஷம் நான்..."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தடியைப் பார்த்தார். அதை நான் வலக்கையில் ஊன்றியிருந்தேன்.

"அச்சச்சோ, நீங்களேவா! கைய மாத்துங்க டாக்டரம்மா" என்று பிடுங்கி, என் இடக்கையில் வைத்து அழுத்தினார்.

ஒரு நொடிகூட அவர் தாமதிக்கவில்லை!

நான் சொல்ல வந்ததை விழுங்கினேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொள்ள, அதிக வலியில்லாமல் சொர்க்கவாசலைக் கடந்தேன்... மாணிக்கம் நடந்திருக்க வேண்டிய பக்கத்தில்.