இஞ்ஞாசியின் அறையில் குடியிருந்த பி.ஏ.

நாசரேத்து எபனேசர் வாத்தியார் மகன் கிருபாநிதி, பாளையங்கோட்டையில் பி.ஏ. தேறி, 1944 தை மாதம் தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்தான். அதுவரை தனியாகப் படுத்தறியாதவன். வீட்டில் ஏழு பேர், ஹாஸ்டலில் அறைக்கு நாலு பேர். பி.ஏ. என்றால் அந்நாளில் லேசான காரியமில்லை, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் முதல் வாரம் அவன் பொங்கிய சோற்றை நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, சொந்தக் கையை நம்பி மாடிவீடு கட்டியவர்கள் இந்தக் கடற்கரையில் உண்டு. அவர்கள் ஒருத்தரும் ஒருநாளும் சோற்றைக் குழையவிட்டதில்லை.

மூன்று மாதம் தாக்குப்பிடி, முடியாவிட்டால் வந்துவிடு, நம் பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறது என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். திரும்பிப் போனால் ஆயுசுக்கும் அவர் அடிக்கிற மணிக்கு எழுந்து நிற்க வேண்டும். அது மட்டும் கூடாது என்று கிருபாநிதி வைராக்கியமாக இருந்தான்.

அவன் குடியிருந்தது மெட்டில்டா வீட்டு வாசலறை. அவள் புருஷன் இஞ்ஞாசி படுத்த அறை அது. போன பங்குனியில் சங்கு குளிக்கப் போய் முங்கினவர் எழும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அப்படிப் போனவரை ஆண்டுப் பூசை முடியும்வரை தோணி ஆளாகவே வைத்திருப்பார்கள். விடியுமுன் மற்ற வீடுகளில் கூப்பிடுவதுபோலத் தோணித் தலைவரான தண்டல் அவர் வாசலிலும் மூன்று தரம் கூப்பிட வேண்டும்; கூப்பிடாவிட்டால் தானாக வந்துவிடுவார் என்று பயம். உள்ளேயிருந்து ஒருவர் ‘வரல’ என்று சொல்ல வேண்டும். சத்தமில்லை என்றால் ஆள் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். கடலுக்குப் போகிறவன் வாய் திறக்கமாட்டான், பேசாமல் எழுந்து வருவான்.

தினமும் மெட்டில்டாதான் பின்கட்டிலிருந்து சொல்வாள். தங்கை பிரசவத்துக்குப் புன்னைக்காயல் போக வேண்டி வந்தபோது கிருபாநிதியிடம் வந்து நின்றாள்.

“தம்பி, நாலு நாளைக்கு நீருதான் சொல்லணும். வரலைன்னு ஒரு சொல்லு, போதும்.”

அவன் தலையை ஆட்டினான். ஆனால் செத்தவர்களோடு பேச்சு வைக்கலாகாது என்று ஞாயிறு பள்ளியில் படித்தவன் அவன். வாயை மூடிக்கொண்டு கிடந்தால் பாவமில்லை என்று முடிவு கட்டினான்.

மறுநாள் விடியுமுன் தண்டல் ஜேசுதாசன் தெருவில் நின்று மூன்று தரம் கூப்பிட்டார். கிருபாநிதி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். காலடிச் சத்தம் நகர்ந்தது. அதன் பிறகு, வெறும் தரை மட்டுமே இருந்த எதிர் மூலையில் பாய் சரசரத்தது. யாரோ எழுந்து உட்கார்ந்தார். முழங்கால் ஒன்று சொடுக்கியது. முங்குமுன் நெஞ்சை நிரப்புகிறவன்போல நீளமாக ஒரு மூச்சு. யுத்தகாலம், விளக்கேற்ற மண்ணெண்ணெய் இல்லை. தாழ்ப்பாள் விலகிக் கடல்காற்று உள்ளே வந்தது.

விடிந்த பிறகும் கதவு திறந்தே கிடந்தது. தாழ்ப்பாள் போட மறந்துவிட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினான். கரையில் எல்லாத் தோணிகளும் போயிருந்தன, ஒன்றைத் தவிர. அதன் நிழலில் எட்டுப் பேர் ஓர் ஆளுக்கு இடம் விட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஜேசுதாசன் எழுந்து வந்தார்.

“என்ன பி.ஏ. அய்யா, நாக்க முழுங்கிட்டீரா? அவன் கெளம்பி வந்துட்டான் பாத்துக்கிடும். அவன விட்டுட்டும் போக முடியாது. ஏத்திட்டுப் போனா எங்கள்ல ஒருத்தன அங்கன விட்டுட்டுத்தான் வரணும்.”

தோணி போகாததால் இருட்டினதும் இஞ்ஞாசி அறைக்குத் திரும்பிவிடுவான், நாளைக்கும் வாய் திறக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாசரேத்துக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

அன்று ஆபீசில் இரண்டு கப்பல்களின் பெயரை மாற்றி எழுதினான். சாயங்காலம் பெட்டியைக் கட்டிவிட்டான். அப்பா ஏசமாட்டார், ஒன்றும் பேசாமல் சாக்குக்கட்டியைக் கையில் கொடுப்பார். அதை நினைத்தபடி பெட்டிமேலேயே உட்கார்ந்திருந்தான்.

“ஏலே இஞ்ஞாசி” என்று விடியலில் குரல் வந்தது. இரண்டாவது கூப்பாட்டுக்கு மூலையில் பாய் சரசரத்தது. மூன்றாவதற்கு முழங்கால் சொடுக்கியது.

“இஞ்ஞாசி இன்னைக்கு வரல அண்ணாச்சி” என்றான் கிருபாநிதி.

வெளியே, சரி என்று சொல்லி ஜேசுதாசன் நடந்தார். உள்ளே, அடக்கி வைத்திருந்த மூச்சு மெல்ல மெல்ல வெளியேறியது. யாரோ மறுபடி படுத்தார்.

நாலாம் நாள் திரும்பிய மெட்டில்டாவுக்குக் குழாயடியிலேயே சங்கதி எட்டிவிட்டது. வாசற்படியில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“எந்திச்சாரா?”

பத்து மாதமாக விடியலில் புருஷனை வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்தவள். அவள் கண்ணில் இருந்தது பயமில்லை. எழுந்தார் என்று சொன்னால் நாளைக்கு அவள் வாய் திறக்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அதைத் தெரிந்துகொள்ள எந்தப் பி.ஏ.யும் வேண்டாம்.

“நான் அசந்து தூங்கிட்டேன்க்கா. ஒண்ணும் கேக்கல.”

அவள் குசினிக்குள் போனாள். ஆண்டுப் பூசை வரைக்கும் அவன்தான் பதில் சொன்னான். அவளைச் சொல்ல விடவில்லை.

பதினொரு வருஷம் அதே அறையில் இருந்து, ஹெட் கிளார்க்காகி, ஊரே மெச்சுகிற மாதிரி மீன்குழம்பும் வைக்கப் பழகினான். என் மகன் தனியாக நின்று காட்டினான் என்று வாத்தியார் நாசரேத்து முழுக்கச் சொல்லித் திரிந்தார். கிருபாநிதி மட்டும் அப்படிச் சொன்னதில்லை. காலையில் எழுந்ததும் எதிர் மூலையைத்தான் முதலில் பெருக்குவான். அங்கே ஒரு செம்பைக்கூட வைக்கமாட்டான்.