பிள்ளையாரிடம் ஒப்படைத்த அழைப்பாணை

முதலில் என் பெயரைத் தேடினேன். ஐந்து பேர் ஒத்துப்போகிறார்கள் என்றது கணினி.

ஒருவர் மேல் பிடியாணை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் இணையத்தளம் அது. ஒரு வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. நீதிமன்றப் பதிவுகளைப் பார்க்கிறோம், சிறைப் பதிவுகளைப் பார்க்கிறோம், வரப்போகிற முடிவு உங்களை அதிர வைக்கலாம் என்று வரிவரியாக வெருட்டியது. எந்தக் கவுண்டி என்றும் கேட்டது. நான் இருப்பது லண்டனில், மோர்டனில். முந்தி இது சரே கவுண்டியோடு சேர்ந்த இடம் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. பட்டியலில் அதே ஓசையில் ஒன்று இருக்க, அதை அமுக்கினேன். அது அமெரிக்காவில், வர்ஜீனியாவில் இருக்கிறது என்பது அரை மணித்தியாலம் வியர்த்த பிறகுதான் தெரிந்தது.

எனக்கு ஐந்து என்றால் மற்றவர்களுக்கு எத்தனை என்று ஒரு யோசனை. பிள்ளையாரின் பெயரைப் போட்டேன், தகப்பன் பெயருக்குச் சிவன். பிள்ளையாருக்கு ஏழு. என்னைவிட இரண்டு கூட.

சிரித்தேன். என்ன சிரிப்பு என்று குசினிக்குள்ளிருந்து மனைவி கேட்டா. ஒன்றுமில்லை என்றேன். மூன்று கிழமையில் நாங்கள் இருவரும் ரொறொன்ரோவுக்கு விமானம் ஏற வேண்டும், மகளுக்கு முதல் பிரசவம். பேரப்பிள்ளையைத் தூக்கப் போகிற கைக்கு ஹீத்ரோவில் விலங்கு விழுமோ என்பதுதான் அன்று என் பயம். வேறொரு பயமும் எனக்கு இருந்திருக்க வேண்டும். அது பிறகுதான் வந்தது.

நடந்தது இது. நானும் இன்னொருவரும் ஒரே பெற்றோல் ஸ்டேஷனில் பின்னேர ஷிப்ட். என்னைவிட ஐந்து வயது இளையவர், நோர்பரியில் குடும்பத்தோடு இருப்பவர், என்னை அண்ணை என்று கூப்பிடுவார். வெறியில் வந்த ஒருவனுக்கு அவர் பியர் விற்க மறுத்தார். அவன் போய்விட்டான் என்று நினைத்து அவர் திரும்பி சிகரெட் அலுமாரியைப் பூட்டும்போது, அவன் போத்தலால் இடது காதடியில் அடித்தான். கமெரா வெளியே பம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடிபட்டவர் அடித்தவனின் கையைக் கூடக் காணவில்லை. கோப்பி மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த நான் முகத்தைக் கண்டேன். நான் மட்டும்.

அன்றைக்கு நான் வீரன். பொலிஸ் வந்ததும் வாக்குமூலம் கொடுத்தேன். பிறகு ஸ்டேஷனுக்குப் போய், வீடியோவில் காட்டிய ஒன்பது முகங்களுக்குள் இவன்தான் என்றும் காட்டினேன். ஆஸ்பத்திரியில் அவருடைய கையைப் பிடித்து, "கோட்டில நான் சொல்லுவன், நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்" என்றேன். இடது காது இனிக் கேளாது என்று டாக்டர் சொன்ன நாள் அது.

இரண்டு கிழமை கழித்து அடித்தவனின் கூட்டாளி ஒருவன் பெற்றோல் அடிக்க வந்தான். சட்டையில் குத்தியிருந்த என் பெயர் அட்டையைப் பார்த்து, முழுப் பெயரையும் மெல்ல மெல்ல, ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தான். வேறொன்றும் சொல்லவில்லை. இந்த ஊருக்கு வந்து இத்தனை வருசத்தில் என் பெயரைச் சரியாக வாசித்த முதல் ஆள் அவன்தான். அடுத்த நாள் ஷிப்டை மாற்றிக்கொண்டேன். தெரியாத நம்பரிலிருந்து வந்த அழைப்புகளை எடுக்கவும் இல்லை.

இனி எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த காலத்தில், அரசாங்கக் கடிதம் எது வந்தாலும் மனைவி அதைப் பிரிக்காமல் சாமியறையில் பிள்ளையாருக்கு முன்னால் வைப்பா. வெள்ளிக்கிழமை விளக்குக் கொளுத்திக் கும்பிட்ட பிறகுதான் பிரிப்பது. விசாக் கடிதம் அப்படிப் பிரித்ததுதான். அதன் பிறகு கவுன்சில் கடிதம், பல் டாக்டரின் கடிதம் எல்லாம் பிள்ளையாரிடம் போய்த்தான் எங்களிடம் வரும்.

நீதிமன்றக் கடிதமும் போனது. அந்தக் கிழமை ஊரில் என் பெரியப்பா செத்துப்போனார். எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. விளக்கில்லை, கோயிலில்லை, சாமியறைக் கதவு பூட்டு. கடிதத்தை மனைவி கதவின் கீழால் உள்ளே தள்ளிவிட்டா.

துடக்குக் கழித்து, வீட்டைக் கழுவி, முதல் வெள்ளிக்கிழமை பிரித்தபோது அது அழைப்பாணை. சாட்சியாக வரும்படி கேட்கவில்லை, கட்டளையிட்டிருந்தார்கள். வராவிட்டால் கைது செய்யப் பிடியாணை பிறப்பிக்கலாம் என்று கீழே தடித்த எழுத்தில் இருந்தது. தவணைத் திகதி போய் ஒன்பது நாள்.

அதற்குப் பிறகுதான் நான் வர்ஜீனியாவுக்குப் போனது.

கடைசியில் ரெய்னர்ஸ் லேனில், ஒரு மாடிப்படிக்கு மேல் இருந்த சொலிசிட்டரிடம் போனேன். மலேசியத் தமிழ்ப் பெண், என் மகளின் வயது. இணையத்தளக் கதையைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டா. இந்த நாட்டில் எல்லாரும் திறந்து பார்க்கிற மாதிரிப் பட்டியல் ஒன்றும் கிடையாது என்றா. பிடியாணை இருக்கிறதா என்பது நீதிமன்றத்துக்கும் பொலிஸுக்கும்தான் தெரியும். நாமே நீதிமன்றத்தைக் கேட்கலாம், அல்லது வக்கீல் மூலம் கேட்கலாம். ஒருவகைப் பிடியாணையில் பிடித்து, இன்ன நாள் வா என்று திகதி கொடுத்து விட்டுவிடுவார்கள். மற்றதில் பிடித்து நேரே நீதவான் முன் நிறுத்துவார்கள். இரண்டுக்கும் காலாவதி இல்லை, பத்து வருசம் போனாலும் அப்படியே கிடக்கும். இருக்கிறதென்று தெரிந்தால் நாமே போய் நிற்பது நல்லது. சாட்சிக்காரனுக்கு என்றால், அழைப்பாணை கையில் சேர்ந்திருக்க வேண்டும், நியாயமான காரணம் இல்லாமல் அவன் வராமல் விட்டிருக்க வேண்டும்.

உங்கள் காரணம் என்ன என்று கேட்டா. துடக்கு என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. "அத நீதவான்கிட்ட இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லுவீங்க, அங்கிள்?"

பெரியப்பா செத்ததால் பிள்ளையார் லீவில் இருந்தார் என்று சொல்லலாம் என்றேன். அவ சிரிக்கவில்லை.

"கவருக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கு உண்மையிலேயே தெரியாதா?"

தெரியாது என்றேன். எழுதிக்கொண்டா.

தெரியும். கடிதம் வந்த அன்று அதைக் கதவடியில் எடுத்தது நான்தான். கவரின் கண்ணாடித் தாளுக்குள்ளால் நீதிமன்றத்தின் பெயர் தெரிந்தது. மனைவி துடக்கு என்று சொல்ல முதலே நான் அதைக் கொண்டுபோய் அவவின் கையில் கொடுத்தேன். முப்பத்தொரு நாளும் அந்தப் பூட்டிய கதவைக் கடந்து குளியலறைக்குப் போய் வந்தேன். பெரியப்பாவை நான் கண்டது மூன்று தரம்தான். அவருக்காக இவ்வளவு ஒழுங்காகத் துடக்குக் காத்தவன் லண்டனில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இரண்டு நாளில் சொலிசிட்டர் போன் எடுத்தா. பிடியாணை இல்லை. அழைப்பாணை என் கையில் சேர்ந்ததற்கு அத்தாட்சி இல்லை, அதனால் அரச தரப்பு பிடியாணை கேட்கவே இல்லையாம். தாராளமாக விமானம் ஏறலாம் என்றா. எனக்கு உடம்பு இறகு மாதிரி ஆனது. போனை வைக்கப் போகும்போதுதான் கேட்டேன், அப்ப வழக்கு எப்ப வருகிறது என்று.

"வழக்கு முடிஞ்சிருச்சு, அங்கிள். அடையாளம் சொல்ல ஆள் வரல. இன்னொரு தேதி கேட்டாங்க, நீதவான் கொடுக்கல. அவனை விட்டுட்டாங்க."

திரும்ப எடுக்க ஏலாதா என்று கேட்டேன். ஏலாதாம். நாலைந்து நாளாகக் கணினிக்கு முன்னால் இருந்து, என்னைத் தேடுகிறார்களா என்று தேடிய ஆள் நான். என்னைத் தேடியவர் ஒரேயொருவர்தான் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

அன்று பஸ் எடுத்து நோர்பரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். அவர் கதவைத் திறந்து, வாங்கோ அண்ணை என்று கூட்டிக்கொண்டு போய் சோபாவில் இருத்தினார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுக் குசினி வாசலில் நின்றா. வேலைக்குத் திரும்பப் போகவில்லையாம். நடக்கும்போது நிலம் சரிகிறது, பெல் அடித்தால் எந்தப் பக்கம் என்று தெரிவதில்லையாம். கோட்டுக்குப் போன நாளையும் அவரே சொன்னார். எனக்கென்று பக்கத்துக் கதிரையில் தன் ஜக்கெற்றைப் போட்டு வைத்திருந்தாராம். இரண்டு தரம் வெளியே வந்து பஸ் தரிப்பிடம் வரைக்கும் பார்த்தாராம்.

"பிறகுதான் உங்கடை வீட்டில துடக்கெண்டு அறிஞ்சனான். துடக்கு வீட்டுக்காரர் வரேலாதுதானே அண்ணை."

எனக்குப் பதிலையும் அவரே சொல்லித் தந்துவிட்டார். தலையை ஆட்டினால் போதும். அரைவாசி ஆட்டியும் விட்டேன். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அது கோட்டுக் கடிதமெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வரேல்லை."

நான் இருந்தது அவருக்கு இடது பக்கம். அவர் வலது காதைத் திருப்பிக்கொண்டு கிட்ட வந்தார்.

"என்ன அண்ணை சொன்னனீங்கள்?"

முகம் அவ்வளவு கிட்ட வந்தால் என்னால் சொல்ல முடியாது. கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்ததில் பிள்ளையாருக்கு ஏழு பிடியாணை இருக்கிறது என்று சொன்னேன். எனக்கு ஐந்துதான் என்றேன். அவர் சோபாவில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

குசினி வாசலில் நின்ற அவருடைய மனைவி சிரிக்கவில்லை. அவவுக்கு இரண்டு காதும் கேட்கும்.