அத்தான் நேராக்கிய கோடு

என் அக்காவைக் கட்டிய அத்தானுக்கு அலுவலகத்தில், கொத்தனார் மட்டம் பார்க்கும் ரசமட்டம் என்று பட்டப்பெயர். சாய்ந்த எதையும் சாய்ந்தபடி விட அவரால் முடியாது. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், காபி ஆறிக்கொண்டிருக்க, சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அப்பா பக்கத்திலேயே கோணலாக நின்றுகொண்டிருந்தார். நல்லவேளை, அவரைத் தொடவில்லை.

அவருக்குப் போய், நிலம் சாய்வதை அளக்கும் வேலையைக் கொடுத்தார்கள். கடலோரக் குன்றுக்குள் குடைந்த சுரங்கத்தில் ஒரு கருவி. தரை மயிரிழை சாய்ந்தாலும் அதன் பேனா, சுழலும் காகிதத்தில் கோட்டை மேலோ கீழோ இழுக்கும். காகிதம் மாற்றுவது, மை ஊற்றுவது, பதிவேட்டில் எழுதுவது, இவ்வளவுதான் அத்தானின் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மேலதிகாரி முன்னிலையில், திருகைத் திருப்பிக் கருவியைச் சமன் செய்யலாம். இடையில் யாரும் தொடக்கூடாது.

அவர் தொட்டார். ஏறக்குறைய ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை, பேனா மூன்று வாரம் மெல்லக் கீழே இறங்கும். அதிர்வு கிடையாது. டம்ளரில் இருக்கும் தண்ணீர்கூட ஆடாது. கருவிதான் தளர்கிறது, பார்ப்பவர்கள் தன் பராமரிப்பைக் குறை சொல்வார்கள் என்று அத்தான் நினைத்தார். அந்த நாட்களில் தினமும் காலையில் திருகை நூலளவு திருப்பிவிட்டு, "சரியாக உள்ளது" என்று எழுதினார். இருபத்திரண்டு வருடம் இப்படி. அந்தக் கரையில் அவருடைய கோட்டைப்போல் நேரான கோடு வேறெங்கும் இல்லை. இரண்டு முறை பாராட்டுக் கடிதம்கூட வாங்கினார்.

பிறகு ஒரு பேராசிரியை வந்து, கரையோரம் இருந்த பன்னிரண்டு சுரங்கங்களின் காகிதங்களையும் வரிசையாக ஒட்டிப் பார்த்தார். பதினோரு இடங்களில் பேனா ஒரே சமயத்தில் இறங்கியிருந்தது. நகர மண்டபத்தில் எங்களைக் கூட்டி வைத்து அவர் விளக்கினார். கடலுக்கடியில் ஒரு பாறைத்தட்டு இன்னொன்றின் அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது. சில இடங்களில் அது வாரக்கணக்கில் மெதுவாக வழுக்கி, யாருக்கும் தெரியாமல் இறுக்கம் குறைந்துவிடும். அதற்கு மெதுவான நிலநடுக்கம் என்று பெயர். பாறையிடுக்கில் நீர் அழுத்தமாகச் சிக்கியிருந்தால் வழுக்குவது எளிது. இல்லாத இடத்தில் பாறை பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்ட இடம், மேசையில் சிக்கிக்கொண்ட இழுப்பறை மாதிரி. ஒரு நாள் மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வரும். பிறகு வரைபடத்தைக் காட்டினார். கரை முழுக்கப் பச்சை, பேனா இறங்காத எங்கள் ஊருக்கடியில் மட்டும் சிவப்பு.

அடுத்த வாரமே அக்கா மகள் வீட்டைக் காலி செய்ய ஏற்பாடு செய்துவிட்டாள். அவள் கணவனுக்குத் தூரத்து நகரத்தில் வேலை கிடைத்தது. இரண்டு வயதுப் பேத்தியும் போகப் போகிறாள் என்றதும் அத்தான் பழைய பதிவேடுகளை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். அந்தச் சிவப்பு தன் கையால் வந்தது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தது. சொன்னால் இருபத்திரண்டு வருடப் பெயரும் கெட்டுப்போகும்.

சொன்னார். தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"நான்தாங்க திருப்பினேன்."

"எத்தனை தடவை?" என்று கேட்டார் பேராசிரியை.

"கோடு எறங்கினப்பல்லாம்."

"எவ்வளவு எறங்கிச்சு?"

"எறங்க விட்டாத்தானேங்க தெரியும்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வரைபடத்தில் சிவப்பை எடுத்துவிட்டுச் சாம்பல் நிறம் போட்டார். தெரியாது என்பதற்கு அந்த நிறமாம். அத்தானுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை, ஏனென்றால் அந்தப் பொந்துக்குள் தினமும் போய்வர வேறு யாரும் முன்வரவில்லை.

சிவப்பு போனதும் அக்கா மகள் கட்டிய பெட்டிகளைப் பிரித்தாள். சாம்பல் என்றால் பச்சை இல்லை என்று அத்தான் மூன்று முறை சொன்னார். அவள் காதில் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால் என் காதிலும் ஏறவில்லை.

ஏழு மாதம் கழித்துப் பேனா இறங்கத் தொடங்கியது. அத்தான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

"எறங்கினா நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"நல்லதுதான். பாக்கத்தான் சகிக்கல."

இருபத்தோராம் நாள் பேனா நின்றது. பேராசிரியை வந்து அளந்தார். மற்ற சுரங்கங்களில் இறங்கியதில் மூன்றில் ஒரு பங்குதான் இங்கே இறங்கியிருந்தது. ஆழத்தில் வழுக்கியிருக்கிறது, மேற்பகுதி இன்னும் பிடியை விடவில்லை என்றார்.

"எப்ப விடும்?" என்று கேட்டார் அத்தான்.

"நாளைக்கே விடலாம், நூறு வருஷமும் ஆகலாம். அத யாராலயும் சொல்ல முடியாதுங்க."

அத்தான் நேரே மகள் வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். உட்கார்ந்ததும் பேத்தி மடியில் ஏறிக்கொண்டாள்.

"மாப்பிள்ளைக்குக் கெடச்ச அந்த வேலை இன்னும் காலியா இருக்கான்னு கேக்கச் சொல்லும்மா."

"நீங்க அவங்ககிட்டப் போய்ச் சொன்னதாலதானேப்பா பெட்டியைப் பிரிச்சேன்?"

"ஆமா, நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன். போயிடுங்க."

"அப்ப நீங்களும் அம்மாவும்?"

"மீதி எறங்குதான்னு நான் பாக்கணும். உங்கம்மா என்னை விட்டுட்டு வரமாட்டா."

அடுத்த மாதம் லாரி வந்தது. பேத்தியின் கட்டிலை அத்தானே கழற்றி ஏற்றினார். லாரி தெருமுனை திரும்பியதும் நடுத்தெருவில் நின்று வாய்விட்டு அழுதார்.