எனக்கு எதுவும் இல்லை என்பதற்கு அத்தாட்சி

இங்கிலாந்தில், வேலை போனவர்கள் உதவித்தொகை கேட்டுப் போகிற அலுவலகத்தில், மேசைக்கு மேசை ஒரு டிஷ்யூ பெட்டி இருக்கிறது. வருகிறவர்கள் அழுவார்கள் என்று தெரிந்து அரசாங்கமே வாங்கி வைத்திருக்கிறது. முதலில் உட்காரச் சொல்லி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். நன்றாக இருந்தால் நான் ஏன் இங்கே வரப்போகிறேன்? ஆனாலும் 'ஃபைன், தேங்க் யூ' என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் கொடைக்கானல் மலையில் வில்பட்டிக்காரி. கொடைக்கானல் ஹோட்டலில் சமையல்காரராக இருந்த என் கணவர் இந்த நாட்டுக்கு வந்தார், பின்னால் நானும் வந்தேன். அவர் மாரடைப்பில் போனபிறகு ஒரு பிஸ்கட் ஃபேக்டரியில் பாக்கெட் போட்டு மகளைப் படிக்க வைத்தேன். போன குளிர்காலத்தில் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். கையில் இருந்தது அரிசிக்கும் வாடகைக்கும் கரைந்தது. உதவித்தொகை வராவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார் வீட்டுக்காரர். மகளுக்கு அப்போது பரீட்சை நேரம்.

கொடைக்கானலில் பிறந்தவளுக்குக் குளிர் ஒரு பொருட்டா என்று ஊரில் கேட்பார்கள். அங்கே முதுகு வலிக்கக் குனிந்தால் விறகு கிடைக்கும். இங்கே குளிர் காசு கேட்கிறது. மகள் படிக்கிற அறையில் மட்டும் ஹீட்டரைப் போட்டுவிட்டு, நான் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருப்பேன். வேலை போவது எனக்குப் புதிதில்லை. ஏரிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ரூம் பெருக்கிய காலத்தில், சீசன் முடிந்ததும் 'சொல்லி அனுப்புறோம்' என்பார்கள். அவ்வளவுதான், வேலை போச்சு. பிறகு மளிகைக் கடையில் கடன் சொல்ல வேண்டும். சாயங்காலத்துக்குள் அடுத்த தெருவரைக்கும் தெரிந்துவிடும், அந்த மாதம் கறி எடுத்தால் பேச்சு வேறு கேட்க வேண்டும். இங்கே என் கதையைக் கேட்பவன் அந்த அலுவலகத்து இளைஞன் ஒருவன்தான். ஆனால் அவன் எல்லாவற்றையும் டைப் அடித்துக்கொள்கிறான்.

அந்த இளைஞன்தான் கேட்டான், இங்கோ வெளிநாட்டிலோ எனக்குச் சொத்து உண்டா என்று. ஓர் ஆபீசர் முன்னால் உட்கார்ந்து ஒன்றுமில்லை என்று சொல்ல நம்மில் யாருக்கு வாய் வரும்? பிச்சைக்காரக் குடும்பம் என்று நினைத்துவிட்டால்? நிமிர்ந்து உட்கார்ந்து, மலையில் எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது, கேரட்டும் பூண்டும் விளையும் என்று சொன்னேன். 'லவ்லி' என்று டைப் அடித்தான். என்னை மதித்துவிட்டான் என்று எனக்குப் பெருமை வேறு. அடுத்த வாரம் கடிதம் வந்தது. தோட்டத்தில் என் பங்கின் மதிப்பைக் காகிதத்தோடு காட்டும்வரை பணம் கிடையாதாம்.

ஊரில் அண்ணனுக்குப் போன் போட்டேன். அப்பா இறந்த நாளிலிருந்து, ஒவ்வொரு முறை பேசும்போதும், "உம் பங்கு இங்கனதான கெடக்கு பாப்பா, எங்க ஓடிப்போகப் போகுது" என்பார். அந்த வார்த்தையை நான் இத்தனை வருடம் பணம் போல மனதில் போட்டு வைத்திருந்தேன். வேலை போனதையும் சொல்லி, என் பங்கு என்ன விலை போகும் என்று எழுதி வாங்கி அனுப்பச் சொன்னேன். அண்ணன் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு போனை எடுக்கவும் இல்லை. இங்கே வீட்டுக்காரர் கதவைத் தட்ட ஆரம்பித்திருந்தார்.

ஒருநாள் அண்ணன் தானாகவே கூப்பிட்டார்.

"தப்பா நெனைக்காத பாப்பா. தோட்டத்துல உம் பேரு இல்ல. அப்பா இருக்கையிலேயே எம் பேருக்கு எழுதி வச்சிட்டாரு. ஒன்னய நகை போட்டுத்தான கட்டிக் குடுத்தோம்."

"நான் பங்கு கேக்கலண்ணே."

"அப்பறம் எதுக்கு வெலை கேட்ட?"

ஆபீசில் காட்ட வேண்டும், அந்தப் பத்திரத்தின் நகலையாவது அனுப்புங்கள் என்றேன். அந்த நகை என் கணவரின் விசாவுக்காக அடகுக்குப் போய் மூழ்கியது அண்ணனுக்கும் தெரியும். எனக்கு வலித்தது தோட்டம் இல்லாதது அல்ல. அப்பா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அண்ணன் தெரிந்துகொண்டே இத்தனை வருடம் என் பங்கு இருக்கிறது என்று சொன்னார். பத்திரத்தின் நகல் அன்றைக்கே போனில் வந்து விழுந்தது. நான் கேட்டு அவர் எதையும் இவ்வளவு வேகமாக அனுப்பியதில்லை.

ஆங்கிலத்தில் மாற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த இளைஞன் படித்துவிட்டு முகம் மலர்ந்தான். குட் நியூஸ், உங்களுக்கு அங்கே எதுவுமே இல்லை, இனித் தடையில்லை என்றான். என் கண் கலங்கியதைப் பார்த்து, சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினான். அவன் நல்ல பையன். தேங்க் யூ சொல்லி ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

இப்போது பணம் வருகிறது. வாடகை போகிறது, மகளும் பரீட்சை எழுதிவிட்டாள். அவ்வப்போது அந்த ஆபீசிலிருந்து போனில் ஒரு கேள்வி வரும்: இங்கோ வெளிநாட்டிலோ உங்களுக்குச் சொத்து உண்டா? 'இல்லை' என்று அழுத்த வேண்டும். போன வாரம் அதை அழுத்தப் போகையில் அண்ணன் கூப்பிட்டார். பழைய குரல், ஒன்றுமே நடக்காதது மாதிரி.

"நம்ம தோட்டத்துல பூண்டு எடுத்தாச்சு பாப்பா. இந்தத் தடவ நல்ல வெளச்சல்."

"மழைக்கு முந்தி எடுத்துட்டீங்கள்ல, நம்மளுக்கு அது போதும்ணே" என்றேன். என்னையறியாமல்தான் சொன்னேன். அவர் வைத்ததும் போனில் மறுபடி அந்தக் கேள்வி வந்து நின்றது. 'இல்லை' என்று அழுத்தினேன். உறுதியாகத்தானா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.