மீதியைப் பிரிங்க

ஸ்கூட்டர் கடை வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அன்று அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நாகூர்ப் பையன், அவன் வாப்பாவோடு. திருவாரூர்ப் பெண், அவள் அம்மாவோடு. கும்பகோணத்துப் பையன், தனியாக. மயிலாடுதுறைப் பெண், புருஷனோடு. சிதம்பரத்துப் பையன், கூட்டாளிகளோடு. என் மகள். போட்டியில் கடைசிவரை வந்தவர்கள் இந்த ஆறு பேர். அப்புறம் கம்பெனி மேனேஜர். மைக் பிடித்த பெண். சீட்டு எடுக்க வந்த பெரிய மனிதர் ஒருவர், சால்வை போர்த்தியிருந்தார். என் மனைவி. அவள் தம்பி. வேடிக்கை பார்க்க வந்த ஜனம். பிறகு நான்.

கம்பெனி பேர் வேண்டாம். கரண்டில் ஓடுகிற வண்டி செய்கிறவர்கள். காரைக்காலில் புதிதாகக் கடை திறந்தார்கள். விளம்பரத்துக்காக ஒரு போட்டி வைத்தார்கள். ஜெயித்தவருக்கு ஒரு வருஷ வேலை. அவர்கள் வண்டியில் கடற்கரை ஊர்களாகப் போக வேண்டும். தங்குவதும் சாப்பிடுவதும் அவர்கள் செலவு. போன இடத்தையெல்லாம் படம் எடுத்துப் போனில் போட வேண்டும். அதற்குச் சம்பளம்.

மகள் வந்து சொன்னபோது எனக்குப் புரியவில்லை.

“ஊர் சுத்துறதுக்குச் சம்பளமா?”

“ஆமாம்பா. கனவு வேலைன்னுதான் அதுக்குப் பேரே.”

“கனவுல சம்பளம் வருமா?”

சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அப்போது அவள் கீழவாஞ்சூரில் ஒரு லாரி ஆபீசில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் அங்கேதான். துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு வரும் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிறேன். அவள் கண்ணாடிக்கு உள்ளே, நான் வெளியே. காலையில் கோவில்பத்திலிருந்து ஒரே வண்டியில் போவோம். பி.காம் படித்த பெண்ணுக்கு அது பெரிய வேலை இல்லை. ஆனால் மாதம் பிறந்தால் கைக்கு வருகிற வேலை. எனக்கு முதுகு போய்விட்டது. எந்த நாள் நிற்பேனோ தெரியாது. வீடு அவளை நம்பித்தான்.

போட்டியில் முதலில் ஓட்டுப் போடச் சொன்னார்கள். போனில்தான். தெருவே போட்டது. நானும் போட்டேன், அவளே என் விரலைப் பிடித்து அழுத்தவைத்தாள்.

“எத்தனை ஓட்டு விழுந்துச்சாம்?”

“அதெல்லாம் காட்ட மாட்டாங்கப்பா.”

“ஏன்?”

“காட்ட மாட்டாங்க.”

ஆறு பேர் தேறினார்கள். அதற்குமேல் ஓட்டு இல்லை, குலுக்கல் என்று சொன்னார்கள். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. ஓட்டு எனக்குத் தெரியாது. குலுக்கல் தெரியும்.

அதோடு ஒரு கட்டளையும் வந்தது. ஜெயித்தவர் மறுநாளே கிளம்ப வேண்டுமாம். அதனால் ஆறு பேரும் பழைய வேலையை விட்டுவிட்டதாகக் கடிதம் வாங்கிக்கொண்டுதான் பந்தலுக்கு வர வேண்டும்.

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மனைவி சொன்னாள்: “ஒருத்தருக்குத்தான் விழும். மத்த அஞ்சு பேரு எங்க போவாங்க?”

மச்சினன் சொன்னான்: “என்னக்கா, நெலத்தையா எழுதிக் குடுக்குது? வேலையத்தானே விடுது.”

“நமக்கு நெலம் எங்கடா இருக்கு? அந்த வேலைதான்டா நெலம்.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் மேனேஜர் நம்பரை வாங்கிப் பேசினேன்.

“எப்படிங்க எடுப்பீங்க?”

“குலுக்கல் சார். எல்லாம் டிரான்ஸ்பரன்ட்டா இருக்கும்.”

“அப்படின்னா?”

“வெளிப்படையா, சார். நீங்களே முன்னாடி உக்காந்து பாக்கலாம்.”

“கடுதாசி அப்பறம் குடுத்தா ஆகாதா?”

“நிறுவனத்தின் முடிவே இறுதியானது சார்.”

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் மகள் லாரி ஆபீசில் கடிதம் கேட்டாள். முதலாளி கொடுத்துவிட்டார். “போறதுன்னா போம்மா. திங்கக்கெழம வேற ஆளு வந்துரும். அப்பறம் வந்து நிக்கக் கூடாது” என்றார். நான் வெளியே கயிறு இழுத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டது.

குலுக்கலுக்கு முன்னால் ஒருநாள் கேமராவோடு ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். மகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் புது வண்டியில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். “ஆறு பேருக்கும் எடுக்குறோம் அங்கிள்” என்றார்கள். சரி என்றேன்.

பந்தலில் எனக்குப் பக்கத்தில் நாகூர்ப் பையனின் வாப்பா உட்கார்ந்திருந்தார். டீ கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்.

“உங்க வூட்டுக்குக் கேமரா வந்துச்சுங்களா?”

“வந்துச்சு பாய்.”

“எங்க வூட்டுக்கு வரலைங்களே.”

“எல்லாருக்கும் எடுக்குறதாத்தான் சொன்னாங்க.”

அவர் டீயைக் கீழே வைத்தார். முன்னால் இருந்த திருவாரூர்ப் பெண்ணின் அம்மாவைக் கேட்டார். அங்கேயும் போகவில்லை. மயிலாடுதுறைப் பெண்ணின் புருஷன் இல்லை என்று தலையாட்டினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு வேறு பக்கம் பார்த்தார்கள்.

“சரி, குலுக்கல்தானே. நசீபு யாருக்கோ” என்றார் பாய். மேற்கொண்டு என்னோடு பேசவில்லை.

மேடையில் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே சீட்டுகள், சுருட்டி ரிப்பன் கட்டிக் கிடந்தன. யார் பேரையும் வாசித்துப் போட்டதை நான் பார்க்கவில்லை. எழுந்து மேனேஜரிடம் போனேன்.

“பேர வாசிச்சுட்டுப் போடுங்க.”

“எல்லாம் போட்டாச்சு சார். ஆறு பேரும் உள்ளதான் இருக்காங்க. போய் உக்காருங்க.”

முன்வரிசையிலிருந்து மகள் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். வந்து உட்கார்ந்தேன்.

எங்கள் தெருவில் மாதச் சீட்டு உண்டு. பிள்ளையார் கோயில் வாசலில் குலுக்கல். முதலில் ஒவ்வொரு பேரையும் வாசிப்பார்கள். பேருக்குரியவர் “இருக்கேன்” என்பார். அப்புறம்தான் துண்டுச் சீட்டை மடித்து எவர்சில்வர் தூக்கில் போடுவார்கள். ஒரு சின்னப்பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். யாருக்கு விழுந்ததோ அந்த வீட்டுக்காரர் உடனே எழுந்து, “மீதியைப் பிரிங்க” என்று சொல்ல வேண்டும். மீதிச் சீட்டு அத்தனையும் பிரித்து வாசித்த பிறகுதான் கலைவார்கள். அடுத்தவர் கேட்டால் அது சண்டை. விழுந்த வீடு கேட்டால் மரியாதை. கேட்காமல் வாங்கிப்போன வீட்டை அடுத்த சீட்டில் சேர்க்க மாட்டார்கள். காரணமும் சொல்ல மாட்டார்கள்.

சின்னதில் பல மாதம் அந்தத் தூக்கில் கைவிட்டு எடுத்தவள் என் மகள்.

சால்வைக்காரர் ஜாடியில் கையை விட்டார். ஒன்றை எடுத்தார். மைக் பெண் வாங்கி வாசித்தாள். என் மகள் பேர்.

கலர்க் காகிதம் வெடித்துச் சிதறியது. மேடைக்குப் பின்னால் சுருட்டியிருந்த பெரிய பேனர் அவிழ்ந்து விழுந்தது. அதில் என் மகள், கடற்கரையில், வண்டிமேல்.

கைதட்டல் பாதியில் நின்றது.

“இதுக்குள்ள எப்படா அடிச்சாங்க?” என்று பின்னால் ஒருவன் கேட்டான்.

“உள்ளூர்ப் புள்ளய்யா. கடை இங்கதானே வெச்சிருக்கான். வேற யாருக்கு விழும்?”

மச்சினன் திரும்பி, “ஆறு பேருக்கும் அடிச்சு வெச்சிருப்பாங்கய்யா” என்றான். யாரும் சிரிக்கவில்லை. திருவாரூர்ப் பெண் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். “பள்ளிக்கூட வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறியேடி பாவி” என்று அம்மா அவள் முதுகில் அடித்தாள். பிறகு அதே முதுகைத் தடவினாள்.

வண்டிச் சாவி வாங்க மகளையும் என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஏறினேன். மைக் பெண், “அப்பா ரொம்ப எமோஷனலா இருக்காங்க! அப்பா, ஒரு வார்த்தை!” என்று மைக்கை நீட்டினாள்.

மைக்கில் பேசி எனக்குப் பழக்கமில்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

“மீதியைப் பிரிங்க.”

“அப்பா செம ஜாலி!” என்றாள் அந்தப் பெண்.

“ஜாடில அஞ்சு சீட்டு கெடக்கு. பிரிச்சு வாசிங்க.”

மேனேஜர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “உங்க பொண்ணுக்குத்தான சார் விழுந்திருக்கு. உங்களுக்கு என்ன சந்தேகம்?”

“எனக்கு ஒன்னும் இல்லைங்க. எங்களுக்கு விழுந்திருக்கு. நான்தான் கேக்கணும்.”

“அப்படியெல்லாம் ரூல்ஸ் இல்ல சார்.”

“எங்க ஊருல இருக்குதுங்க.”

கீழேயிருந்து மச்சினன் கத்தினான்: “மாமா, எறங்குங்க! பரிசு விழுந்தவன் எவனாவது பஞ்சாயத்து வைப்பானா?”

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, வேணாம்ப்பா” என்றாள் மகள். அவள் கையில் சாவி இருந்தது. திங்கட்கிழமை லாரி ஆபீசில் வேறு ஆள் உட்காருவது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் நகரவில்லை.

பாய் எழுந்தார். “பிரிச்சா என்னங்க கொறஞ்சுடும்? அவரே கேக்குறாரு. பிரிங்களேன்.”

“பிரிங்கய்யா” என்றாள் திருவாரூர்ப் பெண்ணின் அம்மா. பின்னால் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மேனேஜர் மைக் பெண்ணிடம் ஜாடியை உள்ளே எடுத்துப்போகச் சொன்னார். அவள் தூக்கினாள். மகள் ஜாடி மேல் கையை வைத்தாள்.

“வைங்கக்கா” என்றாள்.

“மேடம், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார் மேனேஜர். “நாளைக்கு நீங்க கெளம்பணும்.”

மகள் சாவியை மேசையில் வைத்தாள். ஜாடியில் கைவிட்டாள். சின்னதில் எடுப்பாளே, அதேபோல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு எடுத்தாள். ரிப்பனை அவிழ்த்தாள். பார்த்தாள். பிறகு மைக்கில் வாசித்தாள். அவள் பேர்.

உடனே மைக்கை அணைத்துவிட்டார்கள். பாட்டைப் போட்டார்கள். பந்தலில் நாற்காலிகள் கவிழ்ந்தன.

அந்த வேலைக்கு அவள் போகவில்லை. வேறு யாரும் போனதாகவும் தெரியவில்லை. பேனர் கொஞ்ச நாள் தொங்கியது. அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் அவள் வேறு தெரு வழியாகப் போவாள். லாரி ஆபீசில் புது ஆள் வந்துவிட்டான். நல்ல பையன்தான், எனக்கு வணக்கம் சொல்வான். சில மாதம் அவள் வீட்டில் இருந்தாள். என்னோடு சரியாகப் பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை. முதுகு வலித்தாலும் கூடுதலாக லாரி கட்டினேன். இப்போது நாகூரில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறாள். பஸ்ஸில் போய் வருகிறாள். பாய்தான் சொல்லிவைத்தார். சம்பளம் முன்னைவிடக் குறைவு.

போன மாதம் எங்கள் தெருச் சீட்டு எங்களுக்கு விழுந்தது. நான் எழுவதற்குள் அவளே எழுந்து, “மீதியைப் பிரிங்க” என்றாள்.

இதை எழுதக் காரணம் உண்டு. அந்தக் குலுக்கல் முடிந்த வாரம் மேனேஜர் போன் செய்தார். “பிரிண்டிங் மிஸ்டேக் சார். ஒரு பேரு தவறுதலா ரெண்டு தடவை அடிச்சிருச்சு. ஒன்னே ஒன்னுதான். பெருசாக்க வேணாம்” என்றார். நிறையப் பேர் அதை நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மைக்கில் வந்தது ஒன்றுதான். அதற்குப் பிறகு பாட்டுச் சத்தம். இன்றைக்கும் டீக்கடையில், “ஒரு சீட்டு மாறிப்போச்சு, அதுக்குப் போயி நல்ல வேலைய விட்டுட்டானுவோ” என்று பேசிக்கொள்கிறார்கள்.

நான் அவள் பக்கத்தில் நின்றேன். மைக் அணைந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றாக எடுத்தாள், அவிழ்த்தாள், வாசித்தாள். கீழே நாகூர்ப் பையனும் திருவாரூர்ப் பெண்ணும் மற்ற மூன்று பேரும் தங்கள் பேர் வருமா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். வரவில்லை. ஜாடி காலியாகும்வரை அவள் வாசித்தது அவள் பேரைத்தான். பிரித்த சீட்டுகளை என் கையில் கொடுத்தாள். நான் எண்ணினேன்.

ஐந்து.