கடைசிப் பெட்டியின் பச்சைக் கொடி

சில வருடங்களுக்கு முன், ஒரு ஒக்டோபர் மழைக்காலத்தில் நடந்தது இது. உக்குவளைப் பக்கம், ரயில் பாதை மலையைச் சுற்றி வளையும் இடம்.

சாமான் கோச்சி என்கிற சரக்கு ரயில்களைப் படமெடுப்பதில் எனக்கொரு பைத்தியம். அழகான நீல ரயிலை விட்டுவிட்டு இந்த அழுக்குப் பெட்டிகளை எடுக்கிறாளே என்று வீட்டில் கேலி செய்வார்கள். வாப்பா மட்டும் சிரிக்க மாட்டார். அவர் சாமான் கோச்சியில் கார்ட். ஆனால் ஓடும் ரயிலில் அவர் வேலை செய்கிற படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அன்று அவருக்குக் கடைசி ஓட்டம். மறுநாள் ஓய்வு.

"அந்த வளைவுல நில்லுங்க மகள். அங்கதான் டிரைவருக்கு நான் தெரிவேன். எல்லாப் பெட்டியும் வருதுன்னு பச்சக் கொடி காட்டுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரிவில் ஒரு பாறைமேல் ஏறி நின்றேன். தூரத்தில் ஹோர்ன் கேட்டது. கூடவே மழையும் கொட்டியது. குடையை விரித்தேன், காற்று அதைப் புரட்டிப்போட்டது. லென்ஸ் நனைந்து ஒன்றுமே தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பக்கத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா இறங்கி ஓடிவந்தார்.

"என்னாத்துக்கு புள்ள இந்த மழையில நிக்கிற?"

"கோச்சியில எங்க வாப்பா வாறார்க்கா. இன்னைக்கோட முடியுது."

அக்கா இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணியை அவிழ்த்து, என் தலைக்கு மேலே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். "நீ ஒன் வேலைய பாரு."

அவசரமாக லென்ஸைத் துடைத்தேன். எஞ்சின் போனது. பெட்டிகள் முனகிக்கொண்டே போயின. கடைசிப் பெட்டியில் வாப்பா, பாதி உடம்பு வெளியே, கையில் பச்சைக் கொடி. எடுத்துவிட்டேன்!

திரும்பினால் அக்கா தொப்பலாக நனைந்திருந்தார். "மொகம் அப்பிடியே ஒன்ன மாதிரிதான்" என்று சிரித்துவிட்டுக் கூடையைத் தேடிப் போய்விட்டார். சந்தோஷத்தில் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

படத்தின் மேல் மூலையில் படங்கின் நுனியும் கறைபிடித்த விரல்களும் விழுந்திருந்தன. ஸ்டூடியோவில் வெட்டித் தரலாம் என்றார்கள். யாருடைய கை என்று வாப்பா கேட்டார். சொன்னேன்.

"வெட்ட வேணாம் மகள். நனைஞ்சது அவங்கதானே."

இப்போது வாப்பா இல்லை. அந்தப் பாதையில் சாமான் கோச்சியைக் காண்பதும் அபூர்வம். சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் வாப்பாவின் முகத்தைத் தடவிவிட்டு, அந்த விரல்களையும் ஒருமுறை தொட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டுப் படத்தில் அந்த அக்காவும் ஒருவர்தான்.